விரல் வைக்கக் கூடாத இடம்

"இந்த இடத்துலதான் விரலை வைக்கவே கூடாது" என்று சொல்லி, பாதுகாப்பு அதிகாரி அந்த இடத்தில் விரலை வைத்தார்.

வைத்தது வலது கை ஆள்காட்டி விரல். மூன்று வருடமாகத் தொழிற்சாலையில் எல்லோருடைய மூக்குக்கு நேராகவும் ஆடிக்கொண்டிருந்த விரல் அது. வைத்த இடம், பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னின் வாய்.

பம்பை அணைக்காமல் வைத்தார் என்று யாரும் பழி சொல்ல முடியாது. ஐந்து நிமிடம் முன்பே அணைத்துவிட்டார். ஆனால் பம்பை அணைத்தால் மோட்டார்தான் நிற்கும். ஹோஸுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பிரஷர் எங்கேயும் போகாது. கன்னை வாளிக்குள் காட்டி, டிரிகரை அழுத்தி, மிச்சத்தையெல்லாம் கக்க வைத்து, டிரிகருக்குப் பூட்டும் போட்ட பிறகுதான் அதன் கிட்டே போக வேண்டும். இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் இருபது நிமிடம் முன்பு இதை அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

நடுவில் ஒரு புகைப்படக்காரர் வந்து கெடுத்தார். தலைமை அலுவலகத்து மாதப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்த மனிதர். கன்னின் வாய்க்கு முன்னால் இருக்கும் மஞ்சள் காப்பு படத்தை மறைக்கிறது என்றார். அதிகாரி அதைக் கழற்றினார். கன் இடது கையில் இருந்து, வலது கையால் சுட்டிக்காட்டினால் எடுப்பாக இருக்கும் என்றார், அதிகாரி கை மாற்றிக்கொண்டார். "கன்னைக் கொஞ்சம் கெட்டியாப் பிடிங்க சார், கை ஆடுது" என்றார். அதிகாரி கெட்டியாகப் பிடித்தார். கெட்டியாகப் பிடிக்கிற இடத்தில்தான் டிரிகரும் இருக்கிறது.

'ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம். படம் அருமையாக விழுந்துவிட்டது. புகைப்படக்காரர் நன்றி சொல்லிவிட்டு, டீ குடிக்க கேன்டீன் பக்கம் போனார்.

அதிகாரி விரலைப் பார்த்தார். ரத்தம் இல்லை, வலி இல்லை. நுனியில் பேனா முனையால் தொட்டு வைத்த மாதிரி ஒரு சாம்பல் நிறப் புள்ளி, அவ்வளவுதான். எதிரே பன்னிரண்டு பெயிண்டர்கள் கையுறை, கண்ணாடி, ஹெல்மெட் சகிதம் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் திரையில் அவரே எழுதிய வாசகம் கொட்டை எழுத்தில் இருந்தது. 'புள்ளிதானே என்று விட்டுவிடாதே. பெயிண்ட் உள்ளே போய்விட்டது. வலிக்காது, அதுதான் ஆபத்து. ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி. தாமதித்தால் விரல் போகும்.'

பன்னிரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு விரலைப் பார்த்தார்கள். பிறகு மிகுந்த மரியாதையோடு கூரையைப் பார்த்தார்கள்.

பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் செய்கிற தொழிற்சாலை அது. அங்கே அவருக்கு 'ஹெல்மெட்' என்று பெயர். சாப்பிடும்போதும் அதைக் கழற்ற மாட்டார். கழிப்பறைக்குப் போகும்போதும் கழற்ற மாட்டார் என்று துப்புரவு ஆட்கள் சாட்சி சொல்வார்கள். முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'.

அவர் வேலைக்குச் சேர்ந்த மறுநாள் செய்த முதல் காரியம், வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை வைத்தது. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே எண். தினமும் காலையில் எண்ணை அவரே தன் கையால் மாற்றுவார். அன்று காலை மாற்றிய எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது.

மறுநாள் ஆயிரம். சேர்மன் நேரில் வருகிறார். அதிகாரிக்குத் தங்க நிறத்தில் ஒரு ஹெல்மெட், கூடவே ஐந்து தொழிற்சாலைகளுக்கும் பாதுகாப்புத் தலைவர் என்ற பதவி உயர்வுக் கடிதம். தொழிலாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரஷர் குக்கர். சில வீடுகளில் பழைய குக்கரை ஏற்கெனவே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். விபத்துப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி விழுந்தால் போதும், பலகை பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிளாஸ்டர் ஒட்டுகிற காயம்கூட விபத்துதான் என்று சட்டம் போட்டவரும் அவரே.

பெயிண்ட் பிரிவின் போர்மேன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வழுக்கைத் தலை, அதிர்ந்து பேசாத ஆள்.

"சார், இப்போ மணி பத்து அஞ்சு. நீங்க ஒம்போது மணிக்கே உடம்பு சரியில்லைன்னு லீவு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க."

"நானா?"

"நீங்கதான். வீட்ல அடிபட்டா அது வீட்டு விபத்து. பலகைக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்போ இங்க க்ளாஸ் எடுத்தது யாரு?"

தான்தான் எடுத்ததாகப் போர்மேன் சொன்னார். பன்னிரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின. போட்டோ நேற்றே எடுத்தது என்றார். அதற்கும் ஆடின.

அதிகாரிக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை. விபத்தை மறைப்பது விபத்தை விடப் பெரிய குற்றம் என்று கழிப்பறைக் கதவில்கூட எழுதி ஒட்டியவர் அவர். ஆனால் எவ்வளவு யோசித்தும், தனக்கு நடந்ததை விபத்து என்று அவரால் நினைக்க முடியவில்லை. விபத்து என்பது கவனமில்லாத ஆட்களுக்கு நடப்பது. இது வேறு ஏதோ.

வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்பது மணிக்கு நேராக ஒரு வரி காலியாக இருந்தது. எப்படி விட்டுப்போச்சோ தெரியலை சார், எல்லாம் கடவுள் செயல் என்றார். அதிகாரி அந்த வரியில் கையெழுத்துப் போட்டார். வேன் தயாராக நின்றது. எந்த ஆஸ்பத்திரி என்று டிரைவர் கேட்கவில்லை, வண்டியை எடுத்துவிட்டார்.

வேனில் ஏறும்போது போர்மேன் இரண்டே இரண்டு விஷயம் சொன்னார். வீட்டில் பெயிண்ட் அடித்தபோது பட்டுவிட்டது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்குப் போன் போட்டு மேடத்திடம் விஷயத்தைச் சொல்லி வைத்துவிட வேண்டும். அதிகாரி தலையை ஆட்டினாரே தவிர, இரண்டையும் காதில் வாங்கவில்லை. அவருக்கு மனசு நெகிழ்ந்து போயிருந்தது. இத்தனை பெரிய ஆபத்தில் ஒருவர்கூடப் பதறவில்லை, ஒருவர்கூடத் தேவையில்லாத கேள்வி கேட்கவில்லை. மூன்று வருடப் பயிற்சி வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் யோசித்து, போர்மேன் சொன்னதில் ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தார். பெயிண்ட் என்று சொன்னால் எந்தப் பெயிண்ட் என்பார்கள். அதிலிருந்து தொழிற்சாலைக்கு வந்து நிற்பார்கள். படித்தவர் படித்தவர்தான். போர்மேனுக்கு அந்த அளவுக்கு மூளை வேலை செய்யாததில் ஆச்சரியம் இல்லை என்று தோன்றியது. மனைவிக்கும் போன் செய்யவில்லை. அநாவசியமாகப் பயப்படுவாள்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார்.

"தையல் ஊசி குத்திடுச்சு டாக்டர். வீட்ல."

டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு தடுப்பூசி போட்டு, ஒரு பிளாஸ்டர் ஒட்டி, இரண்டு நாளில் சரியாகிவிடும், போகலாம் என்றார். மொத்தமே பத்து நிமிடம்.

அதிகாரி வெற்றியோடு நடைவழிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் விரல் இறுகுவது தெரிந்தது. பிளாஸ்டருக்கு இரண்டு பக்கமும் விரல் பிதுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே யாரோ திருகு முறுக்குவது போல் இருந்தது. அவருடைய பாடத்தில் ஆறாவது பாயிண்ட் ஒன்று உண்டு. 'டாக்டரிடம் ஊசி குத்தியது என்று சொல்லாதே. எந்தப் பெயிண்ட், எவ்வளவு பிரஷர் என்று சொல். இல்லாவிட்டால் பிளாஸ்டர் ஒட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.' ஒரு வாரம் முன்பு இதைத் தப்பில்லாமல் ஒப்பிக்க முடியாத பெயிண்டர் ஒருவரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்திருந்தார்.

எழுந்து திரும்ப உள்ளே போனார்.

"டாக்டர், அந்த ஊசி கொஞ்சம் பெரிய ஊசி."

"எவ்வளவு பெருசு?"

"மூவாயிரம் பவுண்டு பிரஷர்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க என்னத்தைத் தைச்சிட்டு இருந்தீங்க?"

வேறு வழியில்லாமல் போர்மேன் சொன்ன பாதைக்கே வந்தார். தையல் இல்லை, பெயிண்ட். வீட்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது. டாக்டர் முகம் மாறிப்போய், யார் யாருக்கோ போன் செய்தார். சில நிமிடங்களில் கை அறுவை சிகிச்சை நிபுணர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது அம்மாள், நடந்துகொண்டே பேசுகிறவர். பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்துவிட்டு, என்ன பெயிண்ட் என்று கேட்டார்.

அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெயிண்டில் என்னென்ன கலந்திருக்கிறது, உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதையெல்லாம் போட்டு, பிளாஸ்டிக் உறை ஒட்டிய தாள். இதை எந்நேரமும் பையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்.

"வீட்ல பெயிண்ட் அடிக்கும்போதுகூட இதைப் பையிலயே வெச்சிருப்பீங்களா?"

"பாதுகாப்பு முக்கியம் டாக்டர்."

டாக்டரம்மா தாளை வாசித்தார். "இது எண்ணெய் டேங்குக்கு உள்ள அடிக்கற பெயிண்ட். வீட்ல எதுக்கு அடிச்சீங்க?"

"சமையலறைக்கு. கறை பிடிக்கக் கூடாதுன்னு வீட்ல சொன்னாங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிக்க நேரமில்லை. விரலைத் திறந்து உள்ளே இருப்பதை முழுக்கக் கழுவி எடுக்க வேண்டும், அதுவும் உடனே. தாமதமாகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் விரல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்றார். மயக்க மருந்து கொடுப்பதற்கு வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு மேஜையில் இருந்த பெண் அவரிடமே எண்ணை வாங்கி, அவர் தடுப்பதற்குள் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள்.

உங்கள் கணவர் இன்று காலை உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். மறுமுனையில் நீளமாக ஏதோ பேச்சு. பிறகு போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"சார், உங்க மனைவி இப்போ சமையலறையிலதான் நிக்கறாங்களாம். அங்க நீங்க இல்லையாம். எந்த வீட்டுச் சமையலறைன்னு கேக்கறாங்க."

அதிகாரிக்கு அப்போதுதான் முதல் முறையாக வேர்த்தது. நான் கேட்டுச் சொல்கிறேன் என்று அந்தப் பெண் போனிலிருந்து கையை எடுப்பதற்குள் இணைப்பு அறுந்துபோயிருந்தது. மனைவி கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம்.

ஆபத்து வேளையில் தலைவனுக்கு அழகு உடனே முடிவெடுப்பது. அவர் போர்மேனைக் கூப்பிட்டார். ஒரு பம்பும் இரண்டு பெயிண்டர்களும் உடனே தன் வீட்டுக்குப் போக வேண்டும், பாதிச் சுவராவது அடிக்க வேண்டும் என்றார். வீட்டில் பம்பு நின்றுவிட்டால் வீட்டில் நடந்தது என்பது நிஜமாகிவிடும். இன்ஷூரன்ஸ் ஆட்கள் வந்து பார்த்தாலும் கவலையில்லை.

"யாரும் வந்து பார்க்க மாட்டாங்க சார். அதெல்லாம் வேண்டாம்."

"நீங்க எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

லைன் சரியில்லை சார் என்றார் போர்மேன். பிறகு அனுப்புவதாகச் சொன்னார்.

மனைவி வந்து சேர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது. கிடைத்த வண்டியில் ஏறி வந்திருந்தாள். ஒரு காலில் வீட்டுச் செருப்பு, இன்னொரு காலில் வெளியே போட்டுப் போகிற செருப்பு. வந்ததும் விரலைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்து அதிகாரி விரலைத் தூக்கிக் காட்டினார். அவள் முகத்தைத்தான் பார்த்தாள்.

"எந்த வீடு?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவளுடைய சத்தத்துக்கு அவர் பழகிப்போயிருந்தார். இவ்வளவு மெதுவாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. அதுவும் அந்தச் சாம்பல் புள்ளி மாதிரிதான், வலிக்காமல் உள்ளே போயிற்று.

சொல்வதற்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா. மனைவி காதில் வைத்துக் கேட்டாள். போனை மெதுவாகப் பைக்குள் போட்டாள்.

"உங்க கம்பெனி ஆளுங்க வேன்ல வந்து, எதிர் வீட்டுப் பாட்டு டீச்சர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு இருக்காங்களாம்."

நடந்தது இதுதான். பெயிண்டர்கள் போய்ப் பார்த்தால் அதிகாரி வீடு பூட்டிக் கிடந்தது. எதிர் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டு டீச்சர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெயிண்ட் அடிக்க வந்திருக்கிறோம், சார் அனுப்பினார், இந்த வீடுதானே என்று கேட்டிருக்கிறார்கள். டீச்சர் பம்பைப் பார்த்தார், பத்து வருடமாகச் சுண்ணாம்பு காணாத தன் சுவரைப் பார்த்தார், வாங்க வாங்க என்றார். வாசல் தேடி வருகிற பெயிண்டை வேண்டாமென்று திருப்பி அனுப்ப அந்தம்மாவுக்கு என்ன தலையெழுத்தா.

"காலையில அந்தச் சமையலறையிலதான் இருந்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். இன்னும் மெதுவாக.

டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கையெழுத்து ஆச்சா? ஏற்கெனவே முக்கால் மணி நேரம் போயாச்சு. இதுக்கு மேல விரலுக்கு நான் ஜவாப்தாரி இல்லை."

மனைவி பேனாவைக் கையில் எடுத்தாள். "போடறேன் டாக்டர். எந்த வீடுன்னு முதல்ல சொல்லட்டும்."

பலகை ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். அதிகாரி மூன்றையும் நிறுத்துப் பார்த்தார். விரல் அதற்குள் பழுத்துத் தொங்குகிற பழம் மாதிரி ஆகி, மணிக்கட்டு வரைக்கும் தெறித்துக்கொண்டிருந்தது. நிஜமாகவே விரல் போய்விடப் போகிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனைவியின் காதருகே குனிந்து நடந்ததையெல்லாம் சொன்னார். க்ளாஸ், புகைப்படக்காரர், மஞ்சள் காப்பு, டிரிகர், போர்மேன் சாத்திய கதவு, எல்லாம்.

அவள் நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"விரலை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டே வெச்சீங்களா?"

"ஆமா."

"அப்போ நிஜம்தான்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டாள்.

போட்ட பிறகுதான் விரலைப் பார்த்தாள். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "பலகைக்காக விரலைக் கொடுப்பீங்களா? நாளைக்குச் சோத்தைப் பிசைஞ்சு சாப்பிட பலகையா வரும்?" என்றாள். அவள் சொன்னது நியாயம் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும், எங்கே நடந்தது என்ற கட்டத்தில் மட்டும் தயவுசெய்து வீடு என்றே எழுது என்று கெஞ்சினார். ஆயிரம் நாள், ஒரே ஒரு நாள்தான் பாக்கி என்றார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சண்டை போட நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு 'வீட்டில்' என்று எழுதினாள்.

"ஆனா ஒண்ணு. நம்ம வீட்டுக்கும் பெயிண்ட் அடிச்சுத் தரணும். டீச்சர் வீட்டு கலர் வேண்டாம்."

ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. நுனியிலிருந்து உள்ளங்கை வரை கீறித் திறந்து, உள்ளே நரம்பையும் தசையையும் சுற்றிப் படிந்திருந்த சாம்பல் பூச்சைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டரம்மா மனைவியிடம் சொன்னார். இப்போதைக்குத் தப்பித்தது. ஆனால் பழையபடி முழுசாக மடங்காது, நீட்டிக்கொண்டேதான் இருக்கும். அது அவருக்குப் பழக்கம்தான் டாக்டர் என்றாள் மனைவி.

மறுநாள் பிற்பகல் போர்மேன் வார்டுக்கு வந்தார். விழா அமோகமாக நடந்ததாம். அன்று பலகையில் எண்ணை சேர்மனே தன் கையால் மாற்றினாராம். அதிகாரி ஸ்ப்ரே கன்னின் வாயில் விரலை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை மேடை முழுக்கப் பெரிதாக்கி வைத்திருந்தார்களாம். உடல்நலக் குறைவிலும் தொழிற்சாலையையே நினைத்துக்கொண்டிருக்கும் உத்தமர் என்று சேர்மன் பேசினாராம். குக்கர்களெல்லாம் பட்டுவாடா ஆகிவிட்டன. பதவி உயர்வுக் கடிதம் இதோ, தங்க ஹெல்மெட் இதோ.

பன்னிரண்டு பெயிண்டர்களும் சேர்ந்து ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தனுப்பியிருந்தார்கள். சீக்கிரம் குணமாகி வர வேண்டும் என்று ஒவ்வொருவரும் கைப்பட எழுதியிருந்தார்கள். எழுத்து சிலருக்குக் கொஞ்சம் கோணல்மாணலாக இருந்தது. அதிகாரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் இவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறோம், இவர்கள் நம்மேல் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"எல்லாரும் எப்படி இவ்வளவு கச்சிதமா நடந்துக்கிட்டாங்க போர்மேன்? யாரு சொல்லிக்கொடுத்தது?"

"எல்லாம் நீங்க போட்ட பலகை சொல்லிக்கொடுத்ததுதான் சார்" என்றார் போர்மேன், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. பிறகு கிளம்பினார்.

மனைவி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். அதிகாரி இடது கையால் தங்க ஹெல்மெட்டை எடுத்து, படுக்கையில் சாய்ந்தபடியே தலையில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, ஆனால் கம்பீரமாக இருந்திருக்கும் என்று நம்பினார். ஐந்து தொழிற்சாலைகளின் வாசலிலும் இதே மாதிரி ஐந்து பலகைகள் வைப்பதாகத் தீர்மானித்தார்.

காயத்துக்குக் கட்டு மாற்ற வயதான நர்ஸ் ஒருவர் தட்டோடு வந்தார். அந்த வார்டிலேயே இருபது வருடமாக இருக்கிறவர். ஹெல்மெட்டில் இருந்த கம்பெனியின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். அதிகாரிக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"இன்னியோட ஆயிரம் நாள் சிஸ்டர். எங்க கம்பெனியில ஒரு விபத்துகூட நடக்கலை. எங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"தெரியாம என்ன சார்" என்றார் நர்ஸ், கட்டைப் பிரித்துக்கொண்டே. "மூணு வருஷத்துல உங்க கம்பெனி ஆளுங்க பதினோரு பேர் இதே மாதிரி விரலோட இந்த வார்டுக்கு வந்துட்டாங்க, ரெண்டு பேருக்கு விரலையே எடுக்கவும் வேண்டியதாப் போச்சு; ஆனா ஒருத்தர்கூட கம்பெனியில அடிபட்டதில்லை, எல்லாருக்குமே வீட்லதான்."